யாரைக் கேட்டு அளித்த ஆதரவு?

தேர்தல் முரசு கொட்டத் தொடங்கியதும் நாளேடுகளில் ஒரு வகைச் செய்தி தவறாமல் தலைகாட்டும். சங்கத் தலைவர் ஒருவர் கட்சி அலுவலகம் செல்வார். சால்வை ஒன்று தோளேறும். மறுநாள் ஏட்டில் படம் வரும். இத்தனை இலட்சம் உறுப்பினரைக் கொண்ட இன்ன தொழிற்சங்கம், இன்ன கூட்டணிக்குத் தனது முழு ஆதரவை ஒருமனதாக அளித்தது என்று படத்தின் கீழே இரண்டு வரி இருக்கும். படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த இலட்சத்தில் ஒருவரான பேருந்து ஓட்டுநரும் தேநீர்க் கடையில் அதே ஏட்டைப் புரட்டித்தான், தாம் ஆதரவு அளித்துவிட்ட செய்தியை அறிந்துகொள்கிறார்! வாக்கு அவருடையது, வாக்குறுதி வேறொருவருடையது.

மொழி கற்பிக்கும் தொழிலில் இருப்பவர்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வாக்கியத்தைக் கண்டாலும், எழுவாய் எது, பயனிலை எது என்று தேடுவோம். 'அளித்தது' என்பது பயனிலை. எழுவாய்? சங்கம். சங்கம் என்றால் யார்? தலைவரா, செயற்குழுவா, மாதந்தோறும் சந்தா கட்டும் நடத்துநரா? வாக்கியம் அதனைச் சொல்லாது. சொல்லாதிருப்பதற்காகவே அவ்வாறு எழுதப்படுகிறதோ என்று ஐயுறுகிறோம்.

'நாம்' என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவன் வெளியே நிற்கிறான். 'நாம்' என்றால் அவனும் உள்ளே வந்துவிடுகிறான். உளப்பாட்டுத் தன்மை என்று இலக்கணம் இதற்குப் பெயரும் வைத்திருக்கிறது. உலகின் பெருமொழிகள் பலவற்றில் இல்லாத நுட்பம் இது. மேடையேறிய தலைவர், "நாம் இவரை ஆதரிக்கிறோம்" என்று முழங்கும்போது, கீழே மணலில் அமர்ந்திருப்பவனைக் கேளாமலே தம் வாக்கியத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். "நாங்கள் ஆதரிக்கிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு எழுத்தளவு இறங்கி வந்தால், அங்கே மக்களாட்சி தொடங்கிவிடும். (இக்கட்டுரையும் 'நாம்' என்றுதான் எழுதப்படுகிறது. அது இந்த ஏட்டு வழக்கு. இதில் எவருடைய வாக்கும் அடகு வைக்கப்படவில்லை!)

இதைச் சொன்னவுடன் ஒரு சாரார் மகிழ்ந்து முன்வருவர். "சரியாகச் சொன்னீர்! தொழிற்சங்கத்திற்கு அரசியல் எதற்கு? கூலியைப் பேசட்டும், போனசைப் பேசட்டும், தேர்தல் நாளில் வாய்மூடி இருக்கட்டும்" என்பர். அவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. எட்டு மணி நேர வேலை ஆலையதிபரின் இரக்கத்தால் வந்ததா? சட்டத்தால் வந்தது. சட்டம் எங்கே பிறக்கிறது? சட்டமன்றத்தில், நாடாளுமன்றத்தில். அங்கே யார் அமரவேண்டும் என்பதில் தொழிலாளிக்கு அக்கறை கூடாது என்பவர், அக்கறை முழுவதும் முதலாளிக்கே இருக்கட்டும் என்கிறார், அவ்வளவுதான். நன்கொடைப் பெட்டியோடு கட்சி அலுவலகத்தின் பின்வாயிலில் நுழையும் ஆலையதிபரை நோக்கி, "உமக்கு அரசியல் எதற்கு?" என்று இந்த அறிஞர்கள் வினவியதாக நாம் கேட்டதில்லை.

நம் நாட்டுத் தொழிற்சங்கத்தின் பிறப்பே அரசியலோடு பின்னியது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, அதன் தலைவராக வீற்றிருந்தவர் அன்னிபெசண்டு அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியா. துணை நின்றவர் தமிழ்த்தென்றல் திரு.வி.க. பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் உரிமையாளரான பின்னி நிறுவனம் வாடியா மீதும் மற்றவர் மீதும் வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் தடை விதித்தது. தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டுவதே குற்றமோ என்னும் கேள்வி அதனால் எழுந்தது. அந்தக் கேள்வியின் வித்திலிருந்தே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் முளைத்தது. ஆக, பெரம்பூர் ஆலை வாயிலில் எழுந்த வழக்கு இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் சட்டம் தந்தது.

அந்தச் சட்டத்தை வெள்ளையர் காலத்துச் சட்டம் என்று தள்ளிவிடாமல் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். அரசியலுக்கென்று சங்கம் தனி நிதி வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அந்த நிதிக்குப் பணம் தருமாறு எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தலாகாது. தராதவரைச் சங்கத்தின் பயன்களிலிருந்து ஒதுக்கலாகாது. தந்தால்தான் உறுப்பினர் என்று நிபந்தனை போடலாகாது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுத் தொகுப்பில் தொழிலாளர்க்குக் கேடானவை பல உள என்பது நம் கருத்து. ஆயினும் இந்தத் தனி நிதிக் கோட்பாட்டை அதுவும் விட்டுவிடவில்லை. எண்ணிப் பாருங்கள்! தொழிலாளியின் ஒரு ரூபாயை அவனைக் கேளாமல் கட்சிக்குக் கொடுக்கச் சட்டம் இடந்தரவில்லை. அவனுடைய பெயரை, அவனுடைய ஆதரவை, அவனைப் போன்ற இலட்சம் பேரின் எண்ணிக்கையைக் கேளாமல் கொடுத்துவிட மட்டும் தடையொன்றும் இல்லை. ரூபாய்க்கு உள்ள மதிப்பு மனத்திற்கு இல்லை போலும்!

கேளாமல் கொடுப்பதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். போக்குவரத்துத் தொழிலாளரின் கதை ஒன்றே போதும்.

2018 சனவரி 4. பொங்கல் நெருங்கிய வேளை. ஊதிய உயர்வுக்கான பெருக்கல் காரணி 2.57 வேண்டும் என்றன சங்கங்கள், 2.44 தான் என்றது அன்றைய அ.தி.மு.க. அரசு. பேருந்துகள் நின்றன. தொழிலாளர் முன்னேற்றச் சங்கமும் சி.ஐ.டி.யு.வும் பிறவும் வேலைநிறுத்தத்தில். அண்ணா தொழிற்சங்கப் பேரவையினர் ஓட்டுநர் இருக்கையில். ஒரு கிழமை நாடே அல்லலுற்றபின் நீதிமன்றம் தலையிட்டுப் போராட்டம் முடிந்தது.

2024 சனவரி 9. மீண்டும் பொங்கல் நெருங்கிய வேளை. ஓய்வு பெற்றோரின் அகவிலைப்படி நிலுவை, புதிய ஊதியப் பேச்சு, காலிப் பணியிடங்கள் ஆகியவை கோரிக்கைகள். இப்போது தி.மு.க. அரசு. வேலைநிறுத்தத்தில் சி.ஐ.டி.யு.; அதனோடு தோளொட்டி அண்ணா தொழிற்சங்கப் பேரவை! ஓட்டுநர் இருக்கையில் தொழிலாளர் முன்னேற்றச் சங்கத்தினர்! மறுநாளே நீதிமன்றத்தின் சொல் கேட்டுப் போராட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆறே ஆண்டுகள். பேருந்து அதே பேருந்து. பணிமனை அதே பணிமனை. நிலுவை வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. மாறியது கோட்டையில் அமர்ந்தவரின் கொடி மட்டுமே. கொடி மாறியதும், நேற்றுப் போராட்டம் நியாயம் என்ற சங்கத்திற்கு இன்று அது தேவையற்றதாகிவிட்டது; நேற்றுத் தேவையற்றது என்ற சங்கத்திற்கு இன்று அது உயிர்மூச்சாகிவிட்டது. தணிகைப் பணிமனையின் ஓட்டுநர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2018இல் அவர் பேருந்தை நிறுத்தியபோது பக்கத்துச் சங்கத் தோழரைக் 'கருங்காலி' என்று ஏசியிருப்பார். 2024இல் அதே சொல் அவரைத் தேடி வந்திருக்கும். சொல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இருவரும் ஒரே தேநீர்க் கடையில், ஒரே ஊதியச் சீட்டோடு நிற்கிறார்கள். ஒருமுறையேனும் அவ்விருவரையும் ஒருங்கே அமர்த்தி, "தோழர்களே! கட்சி ஒரு புறம் இருக்கட்டும். இந்தக் கோரிக்கைக்காகப் பேருந்தை நிறுத்தலாமா, வேண்டாமா?" என்று சீட்டு எழுதி வாங்கியிருந்தால், பொங்கலுக்குப் பொங்கல் இந்த அலங்கோலம் நிகழ்ந்திருக்குமா?

அடிமைத்தனம் எல்லா நாளும் வென்றுவிட்டது என்று கூறுவதும் உண்மைக்குப் புறம்பாகும். 2023 ஏப்ரல் 21ஆம் நாள், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் குரல் கூட்டணிக் கட்சிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. ஆளுங்கட்சியின் தோள்மீது வளர்ந்த தொ.மு.ச.வே, "இதை ஏற்க இயலாது" என்றது. மே நாளன்று முதலமைச்சரே திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். தம் கட்சிக்கு வாக்குக் கேட்ட வாயாலேயே தம் கட்சி அரசைக் கண்டிக்கவும் முடியும் என்பதை அந்தப் பத்து நாள் மெய்ப்பித்தது. மறு ஆண்டு சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்தபோது, அவர்களை நடத்திய சி.ஐ.டி.யு. சார்ந்த கட்சியோ ஆளும் கூட்டணியில் இருந்தது. பந்தல் அகற்றப்பட்டது, கைதுகள் நடந்தன, சங்கம் வளைந்து கொடுக்கவில்லை. 2025 சனவரியில் சங்கம் பதிவு பெற்றது. ஆதரவு வேறு, அடகு வேறு. இந்த வேறுபாடு தெரிந்த சங்கங்களும் இருக்கின்றன.

பிணி எங்கே என்றால், வேறுபாடு தலைவரின் துணிவை நம்பியிருப்பதில்தான். துணிவுள்ள தலைவர் வந்தால் சங்கம் நிமிரும். வாரியத் தலைவர் பதவியோ மேலவை இடமோ கண்ணில் ஆடினால் குனியும். உறுப்பினர்க்கு இதில் ஒரு கைப்பிடியும் இல்லை.

சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றிலேயே இதற்கொரு கொடிய பாடம் இருக்கிறது. 1921இல் ஆலைகளில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. நாடெங்கும் ஒத்துழையாமை வேகம். தலைவர்களின் நெஞ்சில் அந்த அனல். ஆலையில் இருந்த ஆதித்திராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். வேலையை இழந்தால் விழுந்தெழ நிலமோ உறவோ அவர்களுக்கு இல்லை. தீண்டாமை தங்கிய வரிசையில் கடைசியில் நிற்பவரை யாரும் கலந்து பேசவும் இல்லை. புளியந்தோப்பு பற்றி எரிந்தது. குடிசைகள் சாம்பலாயின, துப்பாக்கி பேசியது, உயிர்கள் போயின. நீதிக்கட்சிக்குள்ளேயே பிளவு விழுந்து, எம்.சி. ராஜா 1923இல் வெளியேறினார். நம் முன்னோரான அந்தக் கட்சியின் தலைவர்களும் அன்று சாதி இந்துத் தொழிலாளர் பக்கமே சாய்ந்தனர் என்பதை மறைப்பதால் பயன் இல்லை. 'தொழிலாளர் அனைவரும் ஒன்று' என்ற முழக்கம் இருந்தது. அந்த 'அனைவரில்' ஒரு பகுதியைக் கேட்கும் காது எவரிடத்தும் இல்லை. வேலைநிறுத்தம் தோற்றது. இன்றைய ஒப்பந்தத் தொழிலாளியை, துப்புரவுப் பணியாளரை, அவர்தம் பெயரிலேயே வெளியாகும் ஆதரவு அறிக்கைகள் கேட்டறிந்தா எழுதப்படுகின்றன?

நம் ஊர்ப்புறத்திற்கே வருவோம். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் செல்பவர் காதில் தறியோசை விழாமல் இராது. எல்லைக்கு அப்பால் நகரியிலும் அதே ஓசைதான். அங்கே 'நெசவாளர்' என்ற சொல் யாரைக் குறிக்கிறது? தறிகள் பல வைத்து நூலும் பாவும் கொடுத்து வேலை வாங்குபவரும் நெசவாளர். சொந்த வீட்டில் இரண்டு தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுப்பவரும் நெசவாளர். அவரிடம் நாட்கூலிக்கு நிற்பவரும் நெசவாளர். தேர்தல் வந்ததும், "நெசவாளர் ஆதரவு எமக்கே" என்று ஒரு கட்சி சொல்லும். மூவரில் எவருடையது? 2023இல் விசைத்தறிக்கு இரண்டு திங்களுக்கு 750 அலகாக இருந்த இலவச மின்சாரம் 1000 அலகாயிற்று. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் மின்கணக்கு தறி உடையவர் பெயரில் இருக்கிறது. நெய்பவரின் கூலியை ஏற்றும் ஒப்பந்தமோ வேறொரு மேசையில் கிடக்கிறது. உடையவரின் நன்றி நெய்பவரின் நன்றியாகப் பதிவு செய்யப்படுகிறது. 1953இல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார் அண்ணா. அன்று அவர் எவருடைய ஆதரவுச் சீட்டையும் பையில் வைத்திருக்கவில்லை.

கடல் கடந்தும் நம்மவர் கதை ஒன்று உண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களில் சங்கமே கட்சியாயிற்று. 1939இல் பிறந்த இலங்கை இந்தியன் காங்கிரசின் வழிவந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு, குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் ஒரே கேடயமாக நின்றது. தொண்டமான் 1978இல் அமைச்சரானார். நாடற்றோர்க்குக் குடியுரிமை மீண்டதில் அவருடைய பேரம் பேசும் வன்மைக்குப் பெரும்பங்கு உண்டு. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். ஆயினும் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை எழுந்து ஆண்டுகள் பல உருண்டு, 2021இல்தான் அது அரசாணையாயிற்று. தலைவர் அமைச்சரவையிலும், கூலி ஒப்பந்த மேசையிலும், தேர்தல் மேடையிலும் ஒரே நேரத்தில் அமர்ந்தால், கொழுந்து பறிக்கும் கை எந்த நாற்காலியைப் பார்த்து முறையிடும்?

மேலை நாட்டில் இந்தக் கேள்வி நூறாண்டுப் பழமை கொண்டது. இங்கிலாந்தில் ஆஸ்பர்ன் என்னும் இரயில்வே ஊழியர், தம் சந்தாவிலிருந்து கட்சிக்குப் பணம் போவதை எதிர்த்துத் தம் சங்கத்தின் மீதே வழக்காடி 1909இல் வென்றார். 1913இல் வந்த சட்டம், அரசியல் நிதி வேண்டுமா என்று உறுப்பினரிடம் வாக்கெடுக்கச் சொன்னது. 1984இல் தாட்சர் அம்மையாரின் அரசு, பத்தாண்டுக்கு ஒருமுறை அந்த வாக்கெடுப்பை மீண்டும் நடத்தவேண்டும் என்று கட்டளையிட்டது. சங்கங்களை ஒடிக்க விரித்த வலை அது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. விளைவு என்ன தெரியுமா? அடுத்த ஈராண்டில் வாக்கெடுத்த சங்கங்கள் அனைத்திலும் உறுப்பினர், "நிதி இருக்கட்டும்" என்றே வாக்களித்தனர்! கேட்டதால் சங்கம் சாயவில்லை.

அமெரிக்காவில் வேறுவிதமாக நிகழ்ந்தது. பதின்மூன்று இலட்சம் உறுப்பினரைக் கொண்ட டீம்ஸ்டர்சு என்னும் சரக்குந்துத் தொழிலாளர் சங்கம் 2024இல் தன் உறுப்பினரைக் கேட்டது. மின்வழிக் கணிப்பில் டிரம்புக்கு 59.6 விழுக்காடு, கமலா ஹாரிசுக்கு 34. செப்டம்பர் 18ஆம் நாள், எவர்க்கும் ஆதரவில்லை என்று தலைமை அறிவித்தது. வட்டாரக் குழுக்கள் சில தம் பொறுப்பில் ஹாரிசை ஆதரித்தன. டிரம்பு தொழிலாளரின் தோழர் என்று நாம் கருதவில்லை. பெரும்பான்மையின் விருப்பம் தெரிந்தும் ஊமையானது நேர்மையா, நழுவலா என்றும் வழக்காடலாம். ஆனால் தலைமைக்கும் உறுப்பினர்க்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் என்பது அங்கே வெளிச்சத்திற்கு வந்தது. நம் நாட்டில் பள்ளமே இல்லை என்கிறார்கள். அளந்து பார்த்தவர் யார்?

அளப்பது பற்றித் திருத்தணிக்காரரிடம் பேசவேண்டும். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போயிற்று. இந்த ஊரும் சேர்ந்தே போயிற்று. மாவட்டம் முழுவதும் ஒரே குரல் என்றனர் சிலர். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் இங்குள்ள மக்களும் அதை ஏற்கவில்லை. போராடினர், சிறை சென்றனர். பின்னர்ப் படாஸ்கர் என்ன செய்தார்? மாவட்டத்தை விட்டு ஊரை அலகாகக் கொண்டார். ஊர் ஊராக, பேசும் மொழியை எண்ணினார். 'ஒரே குரல்' என்று சொல்லப்பட்ட மாவட்டத்தின் உள்ளே எத்தனை குரல் என்பது அப்போது தெரிந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகம் வந்தது, சித்தூர் வரவில்லை. முருகன் சினம் தணிந்த இடம் என்று புராணிகர் இவ்வூர்ப் பெயருக்குப் பொருள் கூறுவர். மக்கள் சினம் தணிந்தது எண்ணிப் பார்த்தபின்தான். சங்கப் பேரவை என்பதும் ஒரு மாவட்டம்தான். பணிமனை பணிமனையாக, ஆலை ஆலையாக எண்ணினால் வரைபடம் எப்படி மாறுமோ, யார் கண்டார்?

"இதெல்லாம் நடக்கிற காரியமா? இலட்சம் பேரிடம் சீட்டு வாங்குவது எப்படி?" என்பர். அரக்கோணம் சென்று இரயில்வே தொழிலாளரைக் கேட்கட்டும். எந்தச் சங்கத்திற்கு அங்கீகாரம் என்பதை 2007இலும் 2013இலும் 2024 டிசம்பரிலும் மறைவாக்கெடுப்பால் அவர்கள் முடிவு செய்தார்கள். தண்டவாளம் பெயர்ந்துவிடவில்லை. தங்கள் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்க்கு, அச்சங்கம் எந்தக் கட்சியை ஆதரிக்கவேண்டும் என்று சொல்லத் தெரியாதா?

அரசு ஊழியரும் ஆசிரியரும் மட்டும் இதில் தூயவர் என்று எண்ணவேண்டா. 2003 சூலையில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது அன்றைய அரசு. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணிக்குத் தமிழகத்திலும் புதுவையிலும் ஓரிடமும் கிட்டவில்லை. அதற்குக் காரணம் பல. எனினும் அன்று முதல் நம் சங்கத் தலைவர்கள், ஊழியர் வாக்கு தங்கள் சட்டைப் பையில் இருப்பதாகவே நம்பி வருகின்றனர். ஒவ்வொரு தேர்தலிலும் சிற்றூர்ப் பள்ளிகளில் வாக்குச்சாவடி அமைத்து, விரலில் மை வைத்து, எழுத்தறியாப் பாட்டியின் வாக்கும் மறைவாக விழவேண்டும் என்று திரைமறைப்புக் கட்டிக் காப்பவர் யார்? ஆசிரியர்தாம். அந்த ஆசிரியரின் சங்கத்தில் எந்தக் கட்சிக்கு ஆதரவு என்று முடிவெடுக்க ஒரு பெட்டியும் இல்லை, ஒரு சீட்டும் இல்லை. கிளைக் கூட்டத்தில் இதைக் கேட்டோம். "அதற்கெல்லாம் நேரம் எங்கே, தம்பி?" என்றார் மூத்தவர் ஒருவர். பதிவேட்டில் இருந்த பெயர்களை எண்ணிப் பார்த்தோம். ஒரு மதிய இடைவேளை போதும். உணவு உண்டது போக நேரமும் மிஞ்சும்.